இரவு ஜாபும் அவுட்புட் பராமீட்டரும்

வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ, அலுவலகம் பூட்டிய பிறகுதான் அதன் தரவுத்தளத்துக்குக் கனமான வேலை தொடங்குகிறது. குறித்த நேரத்தில் க்ரான் ஒரு ஸ்கிரிப்டை எழுப்பும். ஸ்கிரிப்ட் தரவுத்தளத்துக்குள் இருக்கும் ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜரை அழைக்கும். அந்த ப்ரொசீஜர் அன்றைய வரவு செலவைத் தொகுத்து, தொகுப்பின் எண் என்ன, எத்தனை வரிசைகள் நிராகரிக்கப்பட்டன என்று இரண்டு மதிப்புகளைத் திருப்பித் தரும். அவற்றைப் பார்த்துத்தான் அடுத்த கோப்பை அனுப்புவதா, நிறுத்திவிட்டு ஆளை எழுப்புவதா என்று ஸ்கிரிப்ட் முடிவெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே அந்த இரண்டு மதிப்புகளும் சரியாக வந்து சேர்கின்றனவா என்பதைப் பொறுத்தே மறுநாள் காலை அமைகிறது.

இந்த மதிப்புகள் பெரும்பாலும் அவுட்புட் பராமீட்டர் வழியாக வருகின்றன. ஒரு ப்ரொசீஜர் இன்னொரு ப்ரொசீஜரை அழைக்கும்போது மதிப்பு கைமாறுவதற்காகப் பிறந்த ஏற்பாடு அது. இருவரும் ஒரே தரவுத்தளத்துக்குள், ஒரே மொழியில் பேசும்போது அதில் சிக்கலே இல்லை. ஆனால் ஸ்கிரிப்ட் வெளியே நிற்கிறது. வெளியே நிற்பவருக்குத் தெரிந்தவை இரண்டுதான்: எழுத்துகளாக ஓடும் வெளியீடு, வேலை முடிந்ததும் கிடைக்கும் ஓர் எண். அவுட்புட் பராமீட்டர் இவை இரண்டிலும் சேராது. அதை எல்லை தாண்டிக் கொண்டுவர ஒவ்வொரு தரவுத்தளமும், ஒவ்வொரு டிரைவரும், ஒவ்வொரு கட்டளைக் கருவியும் தனித்தனி வழி கண்டிருக்கின்றன. தொல்லைகள் அத்தனையும் அந்த வழிகளில்தான் இருக்கின்றன.

இப்படிச் சிதறியதற்கு வரலாறு காரணம். 1987இல் வெளிவந்த சைபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டோர்டு ப்ரொசீஜரைத் தன் முக்கியச் சிறப்பாக வைத்திருந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் அதே மரபில் வந்தது. ஆரக்கிள் தன் 7ஆம் பதிப்பில், 1992இல், பிஎல்/எஸ்க்யூஎல் ப்ரொசீஜர்களைத் தரவுத்தளத்துக்குள் சேமிக்கத் தொடங்கியது. இவற்றுக்கான பொதுத் தரம் எழுதப்பட்டது 1996இல்தான். அதற்குள் ஒவ்வொரு நிறுவனமும் தன் பழக்கத்தில் ஊறிப்போயிருந்தது. மைஎஸ்க்யூஎல்லுக்கு ப்ரொசீஜர் 2005இல் 5.0 பதிப்போடு வந்தது. போஸ்ட்கிரெஸ் அதே ஆண்டு 8.1 பதிப்பில் ஃபங்ஷன்களுக்கு அவுட் பராமீட்டர் கொடுத்தது. ஆனால் ப்ரொசீஜர் என்ற தனி வகையையும் அதை அழைக்கும் கால் கட்டளையையும் 2018இல் 11ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. அப்போதும் உள்ளே போய் வெளியே வரும் இன்அவுட் வகை மட்டுமே இருந்தது. வெறும் அவுட் வகைக்கு 2021இன் 14ஆம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எஸ்க்யூலைட்டில் ஸ்டோர்டு ப்ரொசீஜரே கிடையாது.

ஸ்கிரிப்ட் ஏன் ப்ரொசீஜரை அழைக்க வேண்டும், நேராக இன்சர்ட், அப்டேட் எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அனுமதி என்ற ஒரு காரணமே போதும். இரவு ஜாபின் கணக்குக்கு டேபிள்கள் மேல் எந்த உரிமையும் கொடுக்காமல், குறிப்பிட்ட ப்ரொசீஜர்களை இயக்கும் உரிமையை மட்டும் கொடுக்கலாம். ஸ்கிரிப்டின் கடவுச்சொல் கசிந்தாலும் அது கிடைத்தவர் செய்யக்கூடியது அந்தச் சில வேலைகளோடு நின்றுவிடும். இந்த நன்மை வேண்டும் என்பதால்தான் பின்னால் சொல்லப்போகும் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்கிறோம்.

ஒரு ப்ரொசீஜர் தன்னை அழைத்தவரிடம் நான்கு விதமாகப் பேசலாம்: வரிசைகளாக ரிசல்ட் செட் தரலாம், அவுட்புட் பராமீட்டரில் மதிப்பு வைக்கலாம், ரிட்டர்ன் எண் தரலாம், பிழை எறியலாம். எதை எதற்குப் பயன்படுத்துவது என்ற தெளிவு இல்லாததுதான் பாதிச் சிக்கலின் வேர். எஸ்க்யூஎல் சர்வரில் ரிட்டர்ன் எண் முழு எண்ணாக மட்டுமே இருக்க முடியும். 0 என்றால் நலம் என்பது மரபு, கட்டாயம் அல்ல. பூட்டு கேட்டு வாங்கும் எஸ்பி_கெட்ஆப்லாக் என்ற சிஸ்டம் ப்ரொசீஜரைப் பாருங்கள். உடனே பூட்டு கிடைத்தால் 0, காத்திருந்து கிடைத்தால் 1, நேரம் கடந்துவிட்டால் மைனஸ் 1, டெட்லாக்கில் பலியானால் மைனஸ் 3 தருகிறது. 0 அல்லாதது எல்லாம் தோல்வி என்ற யூனிக்ஸ் பழக்கத்தில் எழுதிய ஸ்கிரிப்ட், பூட்டு கைக்கு வந்த பிறகும் தோற்றுவிட்டதாக எண்ணி வெளியேறும். அதுவும் எப்போதும் அல்ல. கூட்டமான இரவுகளில் மட்டுமே 1 வரும் என்பதால் சோதனையில் இது தட்டுப்படவே படாது.

எஸ்க்யூஎல் சர்வரில் அவுட்புட் என்ற சொல்லை இரண்டு இடங்களில் எழுத வேண்டும்: ப்ரொசீஜரின் வரையறையில் ஒரு முறை, அழைக்கும் வரியில் மறுமுறை. வரையறையில் இல்லாமல் அழைப்பில் மட்டும் எழுதினால் பிழை வரும், உடனே திருத்திவிடலாம். வரையறையில் இருந்து அழைப்பில் விட்டுப்போனால் எந்தச் சத்தமும் இல்லை. ப்ரொசீஜர் முழுதாக ஓடும், வேலை நடக்கும், நம் மாறியில் மட்டும் எதுவும் வந்து சேராது. அதே மௌனம் மாறியை அறிவிக்கும் இடத்திலும் உண்டு. நீளம் சொல்லாமல் வார்கேர் என்று மட்டும் அறிவித்தால் அது ஓர் எழுத்து மட்டுமே கொள்ளும். துல்லியம் சொல்லாமல் டெசிமல் என்று அறிவித்தால் 18 இலக்கம் கொள்ளும், புள்ளிக்குப் பின் எதுவும் இல்லை. ப்ரொசீஜர் பைசா வரை சரியாகக் கணக்கிட்டுத் தந்தாலும் வாங்கும் பாத்திரத்தில் ரூபாய் மட்டும் நிற்கும். ப்ரொசீஜரின் வரையறையில் இருக்கும் வகையையும் அளவையும் எழுத்து மாறாமல் ஸ்கிரிப்டிலும் எழுதுவது சலிப்பான வேலைதான். ஆனாலும் செய்தே ஆக வேண்டும்.

கட்டளைக் கருவிகளிடம் வந்தால், இவற்றுக்கு அவுட்புட் பராமீட்டரை வாங்கத் தனி வாசல் பெரும்பாலும் இல்லை. எஸ்க்யூஎல் சர்வரின் கட்டளைக் கருவியான எஸ்க்யூஎல்சிஎம்டியில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: உள்ளேயே ஒரு மாறியை அறிவித்து, ப்ரொசீஜரை இயக்கி, மாறியை செலக்ட் செய்து எழுத்தாக வெளியே தள்ளுவது. பவர்ஷெல்லின் இன்வோக்-எஸ்க்யூஎல்சிஎம்டி கட்டளைக்கும் இதே வழிதான். இது கௌரவக் குறைவான வழி அல்ல. ஆனால் எத்தனை வரிசைகள் பாதிக்கப்பட்டன என்ற வாசகம் வெளியீட்டில் கலக்காமலிருக்க நோகவுண்ட் போட வேண்டும், தலைப்பு வரியை நிறுத்த வேண்டும். பிழை வந்தால் நின்றுவிடு என்னும் -பி விருப்பத்தைக் கொடுக்காமல் விட்டால், உள்ளே பிழை விழுந்தாலும் கருவி 0 என்ற எண்ணோடு நிம்மதியாக வெளியேறும். போஸ்ட்கிரெஸ்ஸின் கருவியான பிஎஸ்க்யூஎல்லும் அப்படித்தான்: பிழையில் நிறுத்தும் மாறியை இயக்கி வைத்தால்தான் கோப்பு நடுவில் நின்று 3 என்ற எண் வெளிவரும். இல்லையென்றால் அடுத்த கட்டளைக்குத் தாவி, முடிவில் 0 தரும்.

மைஎஸ்க்யூஎல்லில் அழைப்பு எளிது. அட் குறி போட்ட ஒரு செஷன் மாறியைக் கொடுத்து அழைக்கலாம், பிறகு அந்த மாறியைச் செலக்ட் செய்யலாம். ஆனால் அந்த மாறி அந்த இணைப்போடு வாழ்ந்து அதனோடே மறைவது. ஸ்கிரிப்டில் அழைப்பை ஒரு வரியிலும் வாசிப்பை இன்னொரு வரியிலும் தனித்தனியாக எழுதினால் இரண்டும் வேறு வேறு இணைப்புகள். இரண்டாவதற்குக் கிடைப்பது நல், அதாவது வெறுமை. போஸ்ட்கிரெஸ் இதைவிடத் தெளிவாக நடந்துகொள்கிறது. அங்கே அவுட் பராமீட்டர்கள் ஒரே ஒரு வரிசையாகத் திரும்புகின்றன, பராமீட்டரின் பெயரே பத்தியின் பெயர். பிஎஸ்க்யூஎல்லின் ஜிசெட் கட்டளை அந்த வரிசையை அப்படியே மாறிகளாக மாற்றித் தந்துவிடும். டிபி2 தரவுத்தளத்தின் கட்டளைக் கருவியோ அவுட் பராமீட்டரின் பெயர் ஒரு வரியில், மதிப்பு அடுத்த வரியில் என்று மனிதர் வாசிக்கும் அறிக்கையாக அச்சிடுகிறது. அதை ஆக் என்ற கருவி வைத்து வெட்டி எடுப்பவர்கள் கருவியின் அச்சு வடிவம் மாறாது என்ற நம்பிக்கையில்தான் அதைச் செய்கிறார்கள்.

ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ் தனிக் கதை. அதில் பைண்ட் மாறியை அறிவித்து, அதில் மதிப்பை வாங்கி, அந்த மாறியையே எக்ஸிட் கட்டளைக்குக் கொடுத்துவிடலாம். அது ஸ்கிரிப்டின் வெளியேற்ற எண்ணாகிவிடும். அழகான ஏற்பாடு, ஆனால் யூனிக்ஸில் வெளியேற்ற எண்ணுக்கு ஒரே ஒரு பைட் இடம்தான், 0 முதல் 255 வரை. நிராகரிக்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கையை இப்படி வெளியே அனுப்பினால், 256 வரிசைகள் நிராகரிக்கப்பட்ட இரவில் ஸ்கிரிப்டுக்குக் கிடைப்பது 0. பிழை எண்ணையே வெளியேற்ற எண்ணாக்குவது என்ற பரவலான பழக்கத்திலும் இதே பள்ளம். பயனர் வகுக்கும் பிழைகளுக்கு ஆரக்கிள் ஒதுக்கியது 20000 முதல் 20999 வரை. அதில் 20224, 20480, 20736, 20992 ஆகிய நான்கும் 256ஆல் மீதியின்றி வகுபடுபவை. அந்த எண்களில் ஒன்றை எறியும் ப்ரொசீஜர், தோற்ற ஒவ்வொரு முறையும் வெளியே வெற்றி என்றே தெரிவிக்கும். போதாததற்கு, பிழையில் வெளியேறச் சொல்லும் கட்டளையில் ரோல்பேக் என்று எழுதாவிட்டால் எஸ்க்யூஎல் பிளஸ் கமிட் செய்துவிட்டுத்தான் வெளியேறும். எத்தனை விழுந்தன என்பதை எழுத்தாக வெளியே தரவேண்டும். வெளியேற்ற எண்ணுக்கு 0, 1 என்ற இரண்டு சொற்களே போதும்.

மொழிகளின் டிரைவர்கள் வழியே போனால் வகையும் அளவும் காக்கப்படுகின்றன. அங்கே வேறொரு விதி குறுக்கே நிற்கிறது: மதிப்பு எப்போது வந்து சேரும் என்பது. எஸ்க்யூஎல் சர்வரின் டிடிஎஸ் நெறிமுறையில் முதலில் ரிசல்ட் செட்டுகள் வரும். ரிட்டர்ன் எண்ணும் அவுட்புட் பராமீட்டர்களும் ரயிலின் கார்டு பெட்டி மாதிரி கடைசியில்தான் வரும். முன்னால் இருப்பவற்றை முழுதும் வாங்காமல் பின்னால் இருப்பதைத் தொட முடியாது. அதனால்தான் டாட்நெட்டில் டேட்டா ரீடரை மூடிய பிறகே அவுட்புட் பராமீட்டரில் மதிப்பு தெரிகிறது. ஓடிபிசியில் இன்னும் முடிவுகள் உண்டா என்று கேட்டுக்கொண்டே போய், இல்லை என்ற பதில் வந்த பிறகுதான் மாறி நிரம்புகிறது. ஜேடிபிசியும் ரிசல்ட் செட்டுகளை முதலில் தீர்த்துவிட்டு அவுட் பராமீட்டரை வாசிக்கச் சொல்கிறது. ப்ரொசீஜருக்குள் யாரோ சோதனைக்காக ஒரு செலக்ட்டைச் சேர்த்துவிட்டுப் போனாலே, அதுவரை ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்டுக்கு அவுட்புட் பராமீட்டர் வெறுமையாகத் தெரியத் தொடங்கலாம்.

விண்டோஸ் உலகில் ஒரு காலத்தில் இந்த வேலையெல்லாம் விபிஸ்கிரிப்டும், தரவுத்தளத்தை அணுக உதவும் ஏடிஓவும் செய்தவை. ஏடிஓவின் மாறிலிப் பெயர்கள் விபிஸ்கிரிப்டுக்குத் தாமாகத் தெரியாது. அதனால் அவுட்புட் திசைக்கு 2, ரிட்டர்ன் எண்ணுக்கு 4 என்று வெறும் எண்களே பழைய ஸ்கிரிப்டுகளில் நிறைந்திருக்கும். 2023இல் மைக்ரோசாஃப்ட் விபிஸ்கிரிப்டைக் கைவிடுவதாக அறிவித்ததால் அவற்றைப் பவர்ஷெல்லுக்கு மாற்றும் வேலை பலருக்கு வந்திருக்கிறது. மாற்றுபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். எழுத்து வகை அவுட்புட் பராமீட்டருக்கு நீளம் சொல்லாவிட்டால், அளவு 0 செல்லாது என்று டாட்நெட் மறுத்துவிடும். அது நல்லது, உடனே தெரியும். மற்றது நுட்பமானது. பவர்ஷெல் ஃபங்ஷனுக்குள் பராமீட்டரைச் சேர்க்கும் வரி, சேர்த்த பொருளையே வெளியீட்டில் விட்டுவிடும். ப்ரொசீஜரை இயக்கும் வரியும் பாதிக்கப்பட்ட வரிசைகளின் எண்ணிக்கையை விட்டுவிடும். தொகுப்பின் எண் மட்டும் திரும்பும் என்று நினைத்த ஃபங்ஷன் மூன்று நான்கு பொருள்களின் பட்டியலைத் திருப்பித் தரும். அந்த வரிகளின் வெளியீட்டை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லி வாயடைக்க வேண்டும்.

பைத்தானில் ஒரு பொது நெறி இருக்கிறது, பிஇபி 249. அதன்படி கால்ப்ராக் என்ற மெத்தடுக்குப் பராமீட்டர்களைக் கொடுத்தால், அவுட்புட் இடங்களில் புது மதிப்பு நிரப்பிய பிரதி திரும்ப வர வேண்டும். ஆனால் அந்த மெத்தடை வைத்திருப்பது டிரைவரின் விருப்பம். இந்தச் சலுகையின் விளைவு, ஒரே மொழிக்குள் ஐந்து வகையான நடத்தை. பைஓடிபிசி கால்ப்ராக்கைத் தரவேயில்லை. எஸ்க்யூஎல்சிஎம்டிக்குச் சொன்ன அதே அறிவி, இயக்கு, செலக்ட் செய் என்ற வழிதான். பைஎம்எஸ்எஸ்க்யூஎல்லில் அவுட்புட் என்று வகையோடு உறை போட்டுக் கொடுக்கலாம். மைஎஸ்க்யூஎல்லின் சொந்த கனெக்டர், பின்னணியில் செஷன் மாறிகளை உருவாக்கி, அழைத்து, அவற்றை வாசித்து, நிரம்பிய பிரதியைத் தருகிறது. பைமைஎஸ்க்யூஎல் அதே மாறிகளை உருவாக்கி அதோடு நின்றுவிடும். கொடுத்த பட்டியலையே மாறாமல் திருப்பித் தரும், வாசிக்கும் வேலை நம்முடையது. கனெக்டரிலிருந்து இதற்கு மாறும் ஸ்கிரிப்ட், தான் உள்ளே அனுப்பிய 0ஐயே விடை என்று எடுத்துக்கொள்ளும். ஆரக்கிளின் பைத்தான்-ஆரக்கிள்டிபிதான் இவற்றில் ஒழுங்கானது: கர்சரிடம் வகை சொல்லி ஒரு மாறி வாங்கி, அழைப்புக்குப் பிறகு அதன் மதிப்பைக் கேட்கலாம். போஸ்ட்கிரெஸ்ஸின் சைக்காப்ஜி 3, கால்ப்ராக்கையே எடுத்துவிட்டது. கால் என்று எழுதி வரிசையை வாசிக்கச் சொல்கிறது. எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. அரைகுறையாக இருப்பதைவிட இல்லாமலிருப்பது ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு நல்லது. பெர்லின் டிபிஐயில் பராமீட்டரை இருவழியாகக் கட்டும்போது அதிகபட்ச நீளத்தைச் சேர்த்தே கேட்டுவிடுகிறார்கள். அது முன்யோசனையுள்ள வடிவமைப்பு.

நல் என்ற வெறுமை எல்லை தாண்டும்போது என்னவாகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். டாட்நெட்டில் தரவுத்தளத்தின் நல் என்பது டிபிநல் என்ற ஒரு பொருள். மொழியின் நல் வேறு. பேஷில் எல்லாமே எழுத்து. பிஎஸ்க்யூஎல் நல்லை வெற்றிடமாக அச்சிடும். எஸ்க்யூஎல்சிஎம்டியும் மைஎஸ்க்யூஎல்லும் நல் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையே அச்சிடும். இப்போது ஸ்கிரிப்டில், நிராகரிக்கப்பட்டவை 0க்கு மேல் என்றால் நிறுத்து, இல்லையென்றால் கோப்பை அனுப்பு என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒற்றை அடைப்புச் சோதனையில் அந்த நான்கு எழுத்துகள் எண் அல்ல என்று பேஷ் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, நிபந்தனை நிறைவேறவில்லை என்று எடுத்துக்கொள்ளும். இரட்டை அடைப்பு என்றால் அந்த முணுமுணுப்பும் இல்லை. அதை மதிப்பில்லாத ஒரு மாறியின் பெயராகக் கருதி 0 என்று கணக்கிடும். இரண்டிலும் கோப்பு அனுப்பப்படும். பிழை வந்தால் நின்றுவிடு என்ற அமைப்பும் நிபந்தனைக்குள் வேலை செய்யாது. விடை தெரியாத இரவுகளையெல்லாம் விடை நல்லது என்று எண்ணிக் கடக்கும் ஸ்கிரிப்ட் அது. வந்த மதிப்பு இலக்கங்களால் மட்டுமே ஆனதா என்று முதலில் சோதித்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்துவதைத் தவிர இதற்கு மருந்தில்லை.

பிழையை எறியாமல், நிலை என்றும் செய்தி என்றும் இரண்டு அவுட்புட் பராமீட்டர்கள் வைத்து, உள்ளே எது நடந்தாலும் பிடித்து அவற்றில் எழுதிவிடும் வடிவத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: தானியங்கி வேலைகளுக்கு அது கேடு. அழைப்பவர் மறவாமல் நிலையை வாசித்தால்தான் தோல்வி தெரியும். வாசிக்காதவருக்கு எல்லாம் வெற்றி. இதற்கு எதிர்வாதமாக நிற்கத்தக்க நல்ல உதாரணம் ஆரக்கிள் இ-பிசினஸ் சூட். அதன் கன்கரன்ட் மேனேஜர் இயக்கும் பிஎல்/எஸ்க்யூஎல் ப்ரொசீஜரின் முதல் இரண்டு பராமீட்டர்கள் எர்பஃப், ரெட்கோட் என்ற அவுட் பராமீட்டர்களாகத்தான் இருக்க வேண்டும். ரெட்கோட் 0 என்றால் வெற்றி, 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் பிழை. அங்கே இந்த வடிவம் ஒழுங்காக ஓடுகிறது, ஏனென்றால் அழைப்பவர் ஒரே ஒருவர், அவர் தவறாமல் வாசிப்பவர். ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் எழுதும் இடத்தில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

பிழையை எறிந்தாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிஎல்/எஸ்க்யூஎல்லில் ப்ரொசீஜர் பிடிபடாத பிழையோடு வெளியேறினால், சாதாரண அவுட் பராமீட்டர்களின் மதிப்பு அழைத்தவருக்கு எழுதப்படுவதில்லை. வங்கிக் கிளைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வரும் ஒரு லூப்பில், முந்தைய கிளைக்குக் கிடைத்த தொகுப்பு எண் மாறியில் அப்படியே நிற்கும். பிழையைப் பதிவு செய்துவிட்டு லூப் தொடர்ந்தால், தோற்ற கிளைக்கும் அந்தப் பழைய எண் ஒட்டிக்கொள்ளும். எஸ்க்யூஎல் சர்வரிலோ நேர்மாறான ஆபத்து: பிழை வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தும் எக்ஸ்ஆக்ட்_அபார்ட் அமைப்பு இயங்காத நிலையில் பல பிழைகள் அந்த ஒரு கட்டளையோடு நின்றுபோய், ப்ரொசீஜர் அடுத்த வரிக்கு நகர்ந்து, அவுட்புட் மதிப்பையும் நல்லபடியாகத் தந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் மாறியை வெறுமையாக்குவதும், எக்ஸ்ஆக்ட்_அபார்ட்டை இயக்கி வைப்பதும் இரண்டே வரிகள்.

இத்தனையும் பார்த்த பிறகு என் பரிந்துரை வீட்டுக்கு வீடு மாறுகிறது. எஸ்க்யூஎல் சர்வரிலும் மைஎஸ்க்யூஎல்லிலும், வெளியிலிருந்து அழைக்கப்படும் ப்ரொசீஜர் பெயரிட்ட பத்திகளோடு ஒரே வரிசை தருவதே மேல்; எந்த டிரைவருக்கும் எந்தக் கருவிக்கும் அதை வாசிக்கத் தெரியும். மூல ப்ரொசீஜரில் கைவைக்க முடியாத இடங்கள் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் புது ஜாபை உருவாக்கும் எஸ்பி_ஆட்_ஜாப், ஜாபின் அடையாளத்தை அவுட்புட் பராமீட்டரில்தான் தருகிறது. அங்கே அதை அழைத்து, மதிப்பை வாங்கி, வரிசையாக மாற்றித் தரும் சிறிய உறை ப்ரொசீஜர் ஒன்றை எழுதிவிடலாம். போஸ்ட்கிரெஸ்ஸில் அவுட் பராமீட்டரே வரிசைதான், எதையும் மாற்ற வேண்டாம். ஆரக்கிளில் ரிசல்ட் செட் தருவதற்கு ரெஃப் கர்சர் அல்லது 12சி பதிப்பில் வந்த ஏற்பாடு தேவைப்படும். ஒன்றிரண்டு மதிப்புகளுக்கு அவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. நல்ல டிரைவரோடு அவுட் பராமீட்டரை அப்படியே வாங்கலாம்.

எந்த வழியில் வாங்கினாலும் தீராத ஒரு பிரச்சினை மிஞ்சுகிறது, அதற்குத்தான் மிகக் குறைந்த கவனம் கிடைக்கிறது. ப்ரொசீஜர் தன் வேலையை முடித்துக் கமிட் செய்துவிட்டது. விடை வலையில் வந்துகொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தது. ஸ்கிரிப்டுக்குத் தெரிவது இணைப்புப் பிழை மட்டுமே. அது மறுபடி அழைத்தால் அன்றைய தொகுப்பு இருமுறை ஏறும். அழைக்காமல் விட்டால், உண்மையில் நடக்காமலே போயிருக்கும் இரவுகளில் எதுவும் ஏறாது. விடையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் எந்த ஏற்பாடும் இங்கே கைவிரித்துவிடும். இதற்கு ஸ்கிரிப்ட்தான் ஓர் அடையாளத்தை முன்கூட்டியே உருவாக்கி உள்ளே அனுப்ப வேண்டும்; கிளையின் குறியீடும் தேதியும் சேர்ந்தாலே போதும், ஒரே நாளில் பலமுறை ஓடும் வேலைக்கு வரிசை எண்ணும் சேரலாம். ப்ரொசீஜர் அந்த அடையாளத்தையும் தான் தரப்போகும் விடைகளையும், வேலை நடக்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு டேபிளில் எழுத வேண்டும். அடையாளத்தின் மேல் யூனிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் ஸ்கிரிப்ட் தயங்காமல் அதே அடையாளத்தோடு மீண்டும் அழைக்கலாம். ப்ரொசீஜர் அந்த வரிசையைக் கண்டதும் வேலையைத் தொடாமல், முன்பு எழுதி வைத்த தொகுப்பு எண்ணையும் நிராகரிப்பு எண்ணிக்கையையும் அப்படியே திருப்பித் தரும். காலையில் வருபவர் லாக் கோப்பைப் புரட்டாமல், அந்த டேபிளில் ஒரே ஒரு செலக்ட் போட்டு எந்தக் கிளை முடிந்தது, எது முடியவில்லை என்று பார்த்துவிடலாம்.